தனியாக அனிமேஷன் செய்பவர்கள் சேர்ந்து வளர: நண்பர் குழு நடத்த முழுமையான வழிகாட்டி

வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு பொம்மையை நடக்க வைக்கப் பாடுபடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டுடியோவில் வேலை செய்கிறவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆள் இருக்கிறார். "இந்தக் கை கொஞ்சம் விறைப்பா இருக்குல்ல?" என்று போகிற போக்கில் அவர் சொல்லிவிடுவார். பொழுதுபோக்காகச் செய்கிற நமக்கு அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது.

வினாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்றால் ஐந்து வினாடி ஷாட்டுக்கு 120 ஃபிரேம். அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது கண் பழகிவிடுகிறது. பாதம் தரையில் வழுக்கினாலும், தலை திரும்பும் இடத்தில் ஒரு வெட்டு விழுந்தாலும் தெரியாமல் போகிறது. எத்தனை அனுபவம் இருந்தாலும் இது நடக்கும். அதனால்தான் பெரிய ஸ்டுடியோக்களில் 'டெய்லீஸ்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது: முடியாத ஷாட்களைத் தினமும் எல்லோர் முன்னும் ஓட்டிப் பார்த்துப் பேசுவார்கள். பிற்காலத்தில் பிக்ஸார் ஆன லூக்காஸ்ஃபிலிம் கணினிக் குழு, தன் முதல் கதாபாத்திரக் குறும்படத்தை 1984 ஜூலையில் மினியாபொலிஸில் நடந்த சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் காட்டியபோது அந்தப் படம் முழுதாக முடிந்திருக்கவில்லை. துறையின் வல்லுநர்கள் நிறைந்த அரங்கில் பாதி முடிந்த வேலையைக் காட்டினார்கள்.

முடிந்த பிறகு காட்டினால் பாராட்டு கிடைக்கும், வேலை மாறாது. பாதியில் காட்டினால்தான் மாறும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தப் பாதி வேலையைப் பயமில்லாமல் காட்டவும், பார்த்தவர் அதற்குப் பயன்படும்படி பேசவும் உதவுவதற்காகத்தான்.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

நான்கிலிருந்து ஆறு பேர் போதும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஆறு பேரின் வேலையை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதற்கு மேல் போனால் கடைசி இரண்டு பேரின் முறை வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். ஆட்கள் அதிகமானால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

எல்லோரும் ஒரே தரத்தில் இருக்க வேண்டாம். நேற்றுத் தொடங்கியவர் இருப்பது நல்லது. ஷாட் புரியவில்லை என்றால் "எனக்கு என்ன நடக்குதுன்னு தெரியல" என்று அவர்தான் நேராகச் சொல்வார், அனுபவசாலிகள் தாங்களே இட்டு நிரப்பிப் பார்த்துவிடுவார்கள்.

மென்பொருள் ஆளுக்கொன்றாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனாலும் ப்ளெண்டரையே எல்லோரும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இலவசம் என்பது ஒரு காரணம். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் திறந்து, அசைவை வளைகோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைப் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். ப்ளெண்டரின் வரலாறும் எனக்குப் பிடிக்கும். 2002இல் அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டான் ரோசண்டால் அதன் மூல நிரலைத் திறந்துவிட 1,00,000 யூரோ திரட்ட வேண்டியிருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் பங்கு போட்டு ஏழே வாரங்களில் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று அது எல்லோருக்கும் பொதுவானது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாத்வியப் படமான 'ஃப்ளோ' செய்யப்பட்டதும் இதே இலவச மென்பொருளில்தான்.

படி 2: எல்லோரும் ஒரே பயிற்சியைச் செய்யுங்கள்

பல குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். ஒருவர் டிராகன் செய்வார், ஒருவர் லோகோ சுழற்றுவார், இன்னொருவர் பத்து நிமிடக் குறும்படத்துக்குத் திட்டம் போடுவார். அடுத்தவர் வேலையைப் பார்த்துச் சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் இருக்காது. முதல் சில மாதங்களுக்காவது மாதத்துக்கு ஒரு பயிற்சி, எல்லோருக்கும் அதே பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கட்டிப் புரண்ட விஷயத்தை இன்னொருவர் எப்படிக் கடந்தார் என்று பார்க்கும்போது மனதில் பதிவது, எந்தப் பாடத்திலும் பதியாது.

துள்ளும் பந்தில் தொடங்குங்கள். இது குழந்தைப் பயிற்சி இல்லை. பிங்பாங் பந்து, ரப்பர் பந்து, பௌலிங் பந்து மூன்றையும் ஒரே சாம்பல் உருண்டையை வைத்துச் செய்ய வேண்டும். எது எது என்று நிறத்தைச் சொல்லாமலே பார்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். உச்சியில் ஃபிரேம்களுக்கு இடையே இடைவெளி நெருக்கமாகவும் தரையை நெருங்கும்போது அகலமாகவும் இருக்கும். பிங்பாங் பலமுறை சின்னச் சின்னதாகத் துள்ளி அடங்கும். பௌலிங் பந்து ஓரிரு முறை லேசாக எழும்பி உருண்டுவிடும். அது நசுங்கவும் கூடாது. குழுவில் ஆறு பேரின் பந்துகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் எடை என்பது ஸ்பேசிங்கில், அதாவது அந்த இடைவெளியில் இருக்கிறது என்பது பேசாமலே புரிந்துவிடும்.

அடுத்து வால் வைத்த பந்து, மாவு மூட்டை, அப்புறம் நடை. நடையில் ஒரு அடிக்கு 12 ஃபிரேம் வைத்தால், 1இல் குதிகால் தரையைத் தொடும் கான்டாக்ட், 4இல் உடல் இறங்கும் டவுன், 7இல் கால் கடக்கும் பாஸிங், 10இல் எழும்பும் அப், 13இல் மறுபக்கக் கான்டாக்ட். 25ஆம் ஃபிரேம் முதல் ஃபிரேமின் நகல் என்பதால் 24 வரைதான் ரெண்டர் செய்ய (வீடியோவாக எடுக்க) வேண்டும். 25 வரை விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன நிறுத்தம் விழும், பார்ப்பவர் "ஏதோ தட்டுது" என்பார், ஏன் என்று சொல்லத் தெரியாது.

நீங்களே ரிக் (பொம்மையை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடு) செய்து கொண்டிருக்காதீர்கள். ரிக்கிங் தனிக் கலை. அதில் இறங்கினால் அனிமேஷன் தொடங்காமலே மாதம் போய்விடும். ப்ளெண்டர் ஸ்டுடியோ 'ரெயின்', 'ஸ்னோ' என்ற கதாபாத்திர ரிக்குகளை இலவசமாகத் தருகிறது. உருவாக்கியவருக்கு நன்றி குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

படி 3: பகிரும் வீடியோவைச் சரியாகத் தயார் செய்யுங்கள்

இதைச் சலிப்பான வேலை என்று தாண்டிவிடாதீர்கள். வீடியோ சரியில்லை என்றால் நல்ல கருத்து வரவே வராது.

லைட், மெட்டீரியல், முடி எதுவும் வேண்டாம். வியூபோர்ட்டில் (நீங்கள் வேலை செய்யும் காட்சிச் சாளரத்தில்) தெரிவதை அப்படியே வீடியோவாக எடுக்கும் வசதி வியூ மெனுவில் இருக்கிறது. ஓவர்லேயை அணைத்துவிட்டு, கேமரா வழியாகப் பார்த்து எடுங்கள். எலும்புகளும் கட்டங்களும் குறுக்கே வராது. 1280க்கு 720 போதும்.

ஃபிரேம் எண் திரையில் தெரிய வேண்டும். அவுட்புட் பகுதியில் மெட்டாடேட்டா என்ற இடத்தில் படத்தின் மேலேயே பொறிக்கும் தேர்வு உண்டு. அதில் ஃபிரேம், கோப்புப் பெயர் இரண்டை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிடுங்கள். எண் இல்லாவிட்டால் "அந்தக் கையை ஆட்டுற இடத்துல" என்று பேச்சு நீளும். எண் இருந்தால் "37" என்றால் போதும்.

எம்பி4, எச்.264 என்று வைத்து, என்கோடிங் பகுதியில் கீஃபிரேம் இன்டர்வல் என்பதை 18இலிருந்து 1 ஆக்குங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், ஆனால் முன்னும் பின்னும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும்போது திக்காது. வசனம் இருந்தால் ஆடியோ கோடெக்கையும் தேர்ந்தெடுங்கள். ப்ளெண்டர் அதைத் தானாகப் போடாது, ஊமைப் படம்தான் வரும்.

நடை மாதிரிச் சுழலும் அனிமேஷனை நான்கு முறையாவது தொடர்ந்து ஓடும்படி எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று என இரண்டு கோணம் அனுப்புங்கள். இடுப்பு பக்கவாட்டில் சாய்வது முன்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் அது சுருக்கிவிடும், விரல்களும் கண் இமைகளும் மங்கிப்போகும். கோப்புப் பெயரில் ஆள், பயிற்சி, பதிப்பு எண் மூன்றும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ' என்ற பெயர்களை குழுவே சேர்ந்து தடை செய்துவிடுங்கள்.

படி 4: வீடியோவோடு மூன்று வரி எழுதுங்கள்

வேலை எந்த நிலையில் இருக்கிறது, பார்ப்பவருக்கு என்ன தோன்ற வேண்டும், எதைப் பற்றிக் கருத்து வேண்டும். இந்த மூன்றும் எழுதாமல் வீடியோவை மட்டும் போட்டால் "சூப்பர்" என்ற பதிலும் கட்டைவிரல் படமும்தான் வரும், அதற்குப் பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது.

இப்படி எழுதலாம் (முக்கிய நிலைகளை மட்டும் வைத்த ஆரம்பக் கட்டம்தான் பிளாக்கிங்): "பிளாக்கிங் நிலை, விரலும் முகமும் இன்னும் தொடவில்லை. பாட்டி கனமான குடத்தைத் தூக்கப் பார்த்து, முடியாமல், யாராவது பார்த்தார்களா என்று திரும்புகிறாள். 40க்குள் குடம் கனம் என்று தெரிகிறதா?" இதைப் படித்த ஒருவர் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்ப்பார்.

பிளாக்கிங் நிலையில் கீ போஸ்கள் (முக்கிய உடல்நிலைகள்) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் எதுவும் இல்லாமல் தாவட்டும். ப்ளெண்டரில் அந்தப் போஸ்களைப் பதிந்த கீகளைத் தேர்ந்தெடுத்து, 'டி' (T) விசையை அழுத்தி கான்ஸ்டன்ட் என்று வைத்தால் போதும். இந்த நிலையிலேயே குழுவுக்குக் காட்டிவிடுங்கள். இடையில் உள்ளதைக் கணினி நிரப்பிய பிறகு எல்லாம் தண்ணீரில் மிதப்பது போல ஓடும். அப்போது போஸ் தவறா டைமிங் (எந்த அசைவு எத்தனை ஃபிரேம் எடுக்கிறது என்பது) தவறா என்று பிரித்துச் சொல்வது யாருக்கும் கடினம்.

படி 5: பார்க்கிற முறை

முதல் முறை நிறுத்தாமல், சரியான வேகத்தில் பாருங்கள். முடிந்தவுடன் என்ன தோன்றியதோ அதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த முதல் உணர்வு ஒரே முறைதான் கிடைக்கும், ஷாட்டைச் செய்தவர் எப்போதோ இழந்துவிட்டது அது. நீங்கள் அவருக்குத் தரக்கூடியவற்றில் அதைவிட மதிப்பானது இல்லை.

அப்புறம் ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். விஎல்சி வீடியோ பிளேயரில் 'இ' (E) விசை ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே போகும், பின்னே வராது. எம்பிவி பிளேயரில் புள்ளி முன்னே, காற்புள்ளி பின்னே. யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாக ஏற்றியிருந்தால், நிறுத்திவிட்டு அதே இரண்டு விசைகளை அழுத்தலாம். மூக்கு நுனி, மணிக்கட்டு, இடுப்பு என்று ஒரு புள்ளியை மட்டும் கண்ணால் தொடர்ந்து போங்கள். அது வளைவாகப் போகாமல் திடீரென்று ஒடிகிற இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். ஒருமுறை ஒலியை நிறுத்தியும் பாருங்கள், இசையும் வசனமும் நிறையக் குறையை மூடிவிடும்.

படி 6: கருத்துச் சொல்வது

குழு நிலைக்குமா கலையுமா என்பதை இந்தப் படிதான் முடிவு செய்கிறது.

உற்சாகப்படுத்துவது என்றால் பெரிதாகப் புகழ்வது என்று நினைக்கிறோம். "செம தலைவா" என்று சொல்வது அன்புதான், ஆனால் அதைக் கேட்டவர் அடுத்த ஷாட்டில் எதைத் தக்கவைத்துக்கொள்வார்? "52இல் பாட்டி கண்ணை முதலில் திருப்பி, அப்புறம் தலையைத் திருப்பினாளே, அங்கே அவளுக்கு வெட்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வேலையை நீங்கள் உண்மையாகப் பார்த்தீர்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த உத்தியை அவர் இனி மறக்கவும் மாட்டார். பாராட்டுக்கும் ஃபிரேம் எண் வேண்டும் என்பது எங்கள் குழுவில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விதி.

குறையைச் சொல்லும்போது தீர்வுக்கு முன் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். "இடுப்பை இறக்குங்கள்" என்பது கட்டளை. "30இல் குடம் காலியாக இருப்பது போல் எனக்குத் தோன்றியது, ஏனென்றால் கை தூக்கும்போது உடல் அசையவே இல்லை" என்பது தகவல். தகவலைக் கொடுத்தால் அவரே உங்களைவிட நல்ல தீர்வு கண்டுபிடிப்பார். இடுப்பை இறக்குவதற்குப் பதிலாகக் காலை அகட்டி வைப்பார், அல்லது தூக்கும் முன் ஒரு மூச்சு இழுக்க வைப்பார்.

நிலைக்கு ஏற்பப் பேசுங்கள். பிளாக்கிங்கில் கதை தெரிகிறதா, போஸ் நிழலுருவமாக நிறுத்தினாலும் புரிகிறதா, இது இரண்டு மட்டும். இடைப்பட்ட நிலையில் டைமிங், ஸ்பேசிங், எடை. வளைவுகள், விரல், கண் சிமிட்டல், பாத வழுக்கல் எல்லாம் கடைசியில். பிளாக்கிங் காட்டியவரிடம் சுண்டுவிரல் பற்றிப் பேசினால், அவர் மறுநாள் முழுவதும் சுண்டுவிரலைச் சரிசெய்துவிட்டு வருவார், அப்புறம் அந்தப் போஸே மாற வேண்டி வரும்.

ஒருவருக்கு ஒரு முறைக்கு மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். பதினைந்து குறை உங்கள் கண்ணில் பட்டாலும், எதைச் சரிசெய்தால் ஷாட் அதிகம் மாறுமோ அதைத் தேர்ந்தெடுத்துச் சொல்வதுதான் கருத்துச் சொல்பவரின் வேலை.

நம்முடைய குழுக்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரி முதலாண்டுப் பையன், நாற்பது வயது அண்ணனின் ஷாட்டைப் பார்த்து "கால் வழுக்குதுண்ணா" என்று சொல்லத் தயங்குவான். அண்ணன் முதலில் பேசிவிட்டால் அதற்குப் பிறகு அவன் வாயே திறக்க மாட்டான். அதனால் பேசும் வரிசையை வயதில் சிறியவரிடமிருந்தும் புதியவரிடமிருந்தும் தொடங்குங்கள். பெரியவர்கள் தங்கள் வேலையின் பலவீனமான இடத்தைத் தாங்களே காட்டி, "தம்பி, இந்த இடம் எனக்கே சரியா வரல, உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டால் தயக்கம் சீக்கிரம் போய்விடும்.

சொல்லிப் புரியாத இடத்தில் வரைந்து காட்டலாம். அந்த ஃபிரேமைப் படமாக எடுத்து, க்ரிட்டா என்ற வரையும் மென்பொருளிலோ ப்ளெண்டரின் க்ரீஸ் பென்சில் என்ற வரையும் கருவியிலோ மேலே முதுகு வளைவை ஒரு சிவப்புக் கோடாகப் போட்டால் போதும். "வரைந்து காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு வரையுங்கள். அவருடைய கோப்பைத் திறந்து நீங்களே கீகளை மாற்றித் திருப்பி அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும், அந்த ஷாட் இனி என்னுடையது இல்லை என்ற நினைப்பு அவருக்கு வந்துவிடும். பல பேர் அந்த ஷாட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

படி 7: கருத்தை வாங்கிக்கொள்வது

கேட்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள். "அது ஏன் அப்படி வெச்சேன்னா" என்று தொடங்கத் தோன்றும். திரையில் தெரியாததை வாயால் சொன்னால் ஷாட் மாறாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே ஃபிரேமைச் சுட்டிக்காட்டினால், அவர்கள் சொன்ன தீர்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும், அங்கே ஏதோ இருக்கிறது என்று நம்புங்கள். பெரும்பாலும் சிக்கல் அதற்குச் சில ஃபிரேம் முன்னால் இருக்கும். குடத்தைத் தூக்கும் இடம் சரியில்லை என்றால், குனியும்போது அவசரப்பட்டிருப்பீர்கள்.

மாற்றியதும் பழைய பதிப்பையும் புதியதையும் ப்ளெண்டரின் வீடியோ எடிட்டரில் பக்கம் பக்கமாக வைத்து ஒரே வீடியோவாக அனுப்புங்கள். யார் சொன்னதால் எது மாறியது என்று ஒரு வரி சேருங்கள். தான் சொன்ன ஒரு வாக்கியத்தால் பாட்டிக்கு எடை வந்துவிட்டது என்று பார்க்கிறவர், அடுத்த வாரம் யார் ஷாட்டையும் மேலோட்டமாகப் பார்க்க மாட்டார்.

படி 8: தமிழ் வசனத்தில் ஒரு மாதம்

சில மாதங்கள் போன பிறகு பேசும் ஷாட்டுக்கு வாருங்கள். பத்து, பதினொரு வினாடி போதும். சினிமா வசனத்தை எடுத்தால் உரிமைச் சிக்கல் வரும், வெளியே காட்ட முடியாது. அதோடு அந்த நடிகரின் முகமே மனதில் ஓடும். குழுவில் ஒருவர் கைபேசியில் பேசிப் பதிவு செய்யட்டும், எல்லோரும் அதே ஒலிக்கு அனிமேஷன் செய்யட்டும்.

உதட்டசைவுக்கான ஆங்கிலப் பாடங்கள் நமக்கு அப்படியே பொருந்தாது. தமிழில் இரட்டித்த மெய்கள் நிறைய. 'அம்மா', 'அப்பா', 'சும்மா' என்று சொல்லும்போது உதடு மூடிய நிலையிலேயே சற்று நிற்கிறது. அங்கே மூடலை ஒரே ஃபிரேமில் கடந்தால் பொய்யாகத் தெரியும். ஒற்றை ப, ம வந்தால்கூட இரண்டு ஃபிரேமாவது மூடி வையுங்கள், ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முன்பே மூடிவிடுங்கள். வகரத்துக்குக் கீழுதடு மேற்பல்லை நெருங்கும். உ, ஊ, ஒ, ஓ குவியும். மற்ற எழுத்துகளுக்கு ஒவ்வொன்றாக வாயை மாற்றினால் வாய் படபடக்கும், தாடை ஏறி இறங்குவது மட்டும் போதும். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பதைவிட, உங்களையே வீடியோ எடுத்து ஃபிரேம் ஃபிரேமாகப் பார்ப்பது உதவும். அந்த வீடியோவைக் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்ள எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் கூச்சமில்லாமல் நடிப்பார்கள்.

படி 9: குழுவை உயிரோடு வைத்திருப்பது

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். காட்ட ஒன்றும் இல்லாதவரும் வரலாம், பார்த்துச் சொல்வதும் பங்களிப்புதான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் வேலை நடக்காதவர் வெட்கப்பட்டு வராமல் இருப்பார், இரண்டு வாரம் விட்டால் திரும்பி வருவது கடினமாகிவிடும். அப்படிக் காணாமல் போனவருக்குக் குழுவில் எல்லோர் முன்னும் இல்லாமல், தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். "எங்க ஆளைக் காணோம்" என்பதைவிட "அந்த மாவு மூட்டை சுவரில் ஏறுகிற ஷாட் என்ன ஆச்சு, எனக்கு அது பிடிச்சிருந்தது" என்று அவர் வேலையைக் குறிப்பிட்டுக் கேட்டால் வருவார்.

குழுவுக்குள் போட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மதிப்பெண் வந்துவிட்டால் பாதி வேலையை யாரும் காட்ட மாட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய பயிற்சிகளையும் ஒரே வீடியோவாகக் கோர்த்து, வீட்டாரையும் நண்பர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். முடிந்தது, முடியாதது இரண்டும் அதில் இருக்கட்டும். வெளியே ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர் இருந்தால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ரிக் செய்தவர் பெயரும், வசனம் பேசியவர் பெயரும் வர வேண்டும். ஒவ்வொரு ஷாட்டின் கீழும், அதைச் செய்தவர் பெயருக்கு அடுத்து, எவருடைய கருத்தால் அது மாறியதோ அவர் பெயரையும் போடுங்கள்.